ஏழுக்கு ரெண்டு: சேக்காட்டில் இருந்து ஒரு அமெரிக்க வரலாற்றுத் தேர்வு

2025 ஜனவரி கடைசியில் ஒரு நாள், காலை ஆறு மணிக்கு நியூ ஜெர்சியில் இருந்து அக்கா கூப்பிட்டாள். அங்கே இரவு ஏழரை. "நீதான் ஹிஸ்டரி படிச்சவனாச்சே, இவகிட்ட கொஞ்சம் பேசு" என்று சொல்லிவிட்டு போனை மகளிடம் கொடுத்தாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மாமா, ஏழுக்கு ரெண்டு" என்றாள். அழுது முடித்த குரல்.

பதினோராம் வகுப்பு படிக்கிறாள். அட்வான்ஸ்டு பிளேஸ்மென்ட் அமெரிக்க வரலாறு எடுத்திருக்கிறாள். பிள்ளைகள் செல்லமாக 'ஏபுஷ்' என்கிறார்கள். மாதிரித் தேர்வில் எழுதிய கட்டுரைக்குத்தான் ஏழுக்கு ரெண்டு. புத்தகத்தை மூன்று முறை வாசித்திருந்தாள், தேதிகள் எல்லாம் தலைகீழாகத் தெரியும். பிறகு ஏன் ரெண்டு? அவளுக்கும் புரியவில்லை, எனக்கும் புரியவில்லை. பாடத்தை விட்டுவிடலாமா என்பது வரை வீட்டில் பேச்சு போயிருந்தது.

அன்றிலிருந்து மே மாதம் வரை சனி, ஞாயிறு காலைகளில், சேக்காட்டு வீட்டு மொட்டை மாடியில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு அவளோடு உட்கார்ந்தேன். மார்ச்சில் அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளியபோது எங்கள் வகுப்பும் தடுமாறி, பிறகு சரியானது. அப்போது எழுதி வைத்த குறிப்புகளில் இருந்துதான் இந்தக் கட்டுரை. அமெரிக்காவில் பிள்ளை படிக்கிற வீட்டுக்கு நேரடியாக உதவும். இங்கே பிளஸ் டூ வரலாறோ டிஎன்பிஎஸ்சியோ படிக்கிறவர்களுக்கும் ஒரு விஷயத்துக்காக உதவும். அது என்ன விஷயம் என்று போகப் போகச் சொல்கிறேன்.

தேர்வு எப்படி இருக்கும்

மொத்தம் 3 மணி 15 நிமிடம். 2025 முதல் முழுக்கக் கணினியில், காலேஜ் போர்டின் ப்ளூபுக் செயலியில் எழுத வேண்டும். பகுதிகள் இவை:

1. கொள்குறி வினா 55, நேரம் 55 நிமிடம், 40 சதவீதம். ஒரு சின்னப் பத்தி, படம் அல்லது வரைபடம் கொடுத்து அதை ஒட்டியே கேட்பார்கள்.
2. குறுவினா 3, நேரம் 40 நிமிடம், 20 சதவீதம்.
3. ஆவணக் கேள்வி 1, நேரம் 60 நிமிடம், 25 சதவீதம். ஏழு ஆவணங்களைக் கொடுத்து அவற்றை வைத்து வாதாடச் சொல்வார்கள். பிள்ளைகள் மொழியில் டிபிக்யூ.
4. நீண்ட கட்டுரை 1, நேரம் 40 நிமிடம், 15 சதவீதம். மூன்று தலைப்பில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.

கடைசியில் 1 முதல் 5 வரை ஒரு எண் வரும். பல கல்லூரிகள் 4, 5 வாங்கினால் ஒரு பாடத்தைப் படித்ததாகவே கணக்கில் எடுத்துக்கொள்ளும். அந்த ஒரு பாடத்துக்கான கட்டணம் மிச்சம் என்பதால்தான் பெற்றோர்களுக்கு இவ்வளவு பதற்றம்.

பாடம் 1491இல் தொடங்கி இன்று வரை ஒன்பது காலப்பகுதி. கொலம்பஸ் வந்த 1492 அல்ல, அதற்கு முந்தின வருஷம். அவர் வருவதற்கு முன்பே அங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதைச் சொல்லத்தான் அந்த எண். ஒன்பதும் சமமான எடை இல்லை. 3 முதல் 8 வரை, அதாவது 1754இல் இருந்து 1980 வரை, ஒவ்வொன்றும் 10 முதல் 17 சதவீதம். முதல் பகுதியும் கடைசிப் பகுதியும் தலா 4 முதல் 6 சதவீதம்தான். ஆவணக் கேள்வியும் இந்த 1754–1980க்குள்தான் வரும். நம்ம பொண்ணு முதல் இரண்டு பகுதிக்கே டிசம்பர் முழுக்கச் செலவழித்திருந்தாள். முதல் நாள் நாங்கள் செய்த வேலை, அந்த நோட்டை மூடி வைத்ததுதான்.

நான் படித்த வரலாறு

நான் பிளஸ் டூ எழுதிய காலத்தில் வரலாற்றுக்கு 200 மார்க். பத்து மார்க் கேள்வி என்றால் முன்னுரை, காரணங்கள், போக்கு, விளைவுகள், முடிவுரை. உட்தலைப்பை ஸ்கெட்ச் பேனாவில் எழுதி, கீழே ரெண்டு கோடு போட வேண்டும். எங்கள் வாத்தியார் ஒருத்தர், "பாயிண்ட்டை எண்ணித்தான்டா மார்க் போடுவான்" என்று வெளிப்படையாகவே சொல்வார். அவர் சொன்னது தப்பில்லை, எனக்கு நல்ல மார்க் வந்தது. ஆனால் அந்தப் பாயிண்ட்டுகள் எங்கிருந்து வந்தன, யார் சொன்னார்கள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நேரம் போதாமல் போயிருக்கும்.

அக்கா பொண்ணு எழுதிய கட்டுரையைப் படித்ததும் சிரிப்பு வந்தது. என் பத்து மார்க் விடையை அப்படியே ஆங்கிலத்தில் எழுதி வைத்திருந்தாள். "ஆவணம் 1 இதைச் சொல்கிறது, ஆவணம் 2 அதைச் சொல்கிறது" என்று ஏழையும் வரிசையாகச் சுருக்கியிருந்தாள். பின்னணி எழுதியதற்கு ஒன்று, மூன்று ஆவணங்களைத் தொட்டதற்கு ஒன்று, ஆக ரெண்டு. மிச்சம் ஐந்தும் எதற்கு என்று பார்த்தால்தான் இந்தத் தேர்வு புரியும்.

ஏழு மதிப்பெண் இப்படிப் பிரிகிறது: வாதத்துக்கு 1, பின்னணிச் சூழலுக்கு 1, குறைந்தது நான்கு ஆவணங்களைத் தன் வாதத்துக்குச் சாட்சியாக நிறுத்தினால் 2 (மூன்றை வெறுமனே பயன்படுத்தினால் 1), ஆவணங்களில் இல்லாத ஒரு வெளிச் சான்றுக்கு 1, இரண்டு ஆவணங்களுக்காவது 'இதை யார், எதற்காக, யாருக்கு, எந்த நேரத்தில் சொன்னார்' என்று விளக்கினால் 1, விஷயத்தின் சிக்கலைக் காட்டினால் 1.

என்ன நடந்தது என்பதைத் திருப்பிச் சொல்வதற்கென்று தனியாக மார்க்கே இல்லை. 'உனக்கு எப்படித் தெரியும்?' என்பதுதான் கேள்வி.

ஆவடிக் கதை

'யார், எதற்காக, யாருக்கு, எப்போது' என்ற நாலு கேள்வியை அவளுக்குப் புரியவைக்க ஆவடியைத்தான் எடுத்தேன். எங்கள் பக்கத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். ஆவடி என்பது ஊர்ப் பெயரே இல்லை, ராணுவ வாகனங்கள், வெடிமருந்துக் கிடங்கு என்று வரும் ஒரு ஆங்கிலப் பெயரின் முதல் எழுத்துகள் என்பார்கள். டாங்கி தொழிற்சாலை இருக்கும் ஊர், அதனால் கேட்டவுடனே நம்பத் தோன்றும். நானே கல்லூரியில் நாலு பேருக்குச் சொல்லியிருக்கிறேன்.

"எப்போ சொன்னாங்க?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியே போதும். ராணுவம் இங்கே பெரிய அளவில் வந்தது இரண்டாம் உலகப் போர்க் காலத்தில். ராயபுரத்தில் இருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடத் தொடங்கியது 1856இல். 19ஆம் நூற்றாண்டின் ரயில் நிலையப் பட்டியலிலேயே ஆவடி இருக்கிறது. கிடங்கு வருவதற்கு முன்பே பெயர் வந்துவிட்டது, கதை முடிந்தது.

ஆனால் அதோடு நிறுத்தினால் பாதிதான். பொய் என்றாலும் அந்தக் கதையும் ஒரு ஆவணம்தான். ராணுவமும் தொழிற்சாலையும் வந்த பிறகு இந்த ஊர்க்காரர்கள் தங்களை எப்படிப் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆவடியின் வரலாற்றுக்குத்தான் அது சாட்சி இல்லை. எந்த ஆவணமும் ஏதோ ஒன்றுக்குச் சாட்சி சொல்லும், எதற்கு என்று கண்டுபிடிப்பதுதான் வேலை. இதைப் பேசிய அன்றுதான் அவள் முதல் முறையாக நோட்டில் தானாக எதையோ எழுதிக்கொண்டாள்.

தேயிலையும் ஒரு வக்கீலும்

அடுத்த வாரம் பாஸ்டன் தேநீர் விருந்து. 1773 டிசம்பர் 16 அன்று 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். "அது நம்ம ஊர்த் தேயிலை தெரியுமா, ஈஸ்ட் இந்தியா கம்பெனியோடது" என்று பெருமையாக ஆரம்பித்தேன். ரெண்டு நிமிடம் கழித்து, "மாமா, அது சீனாத் தேயிலை" என்றாள். சரிதான். கம்பெனி சீனாவில் வாங்கிய சரக்கு அது. அசாமில் தேயிலை இருப்பது வெள்ளைக்காரர்களுக்குத் தெரிந்ததே 1820களில். கம்பெனி பெயரில் இந்தியா இருந்தால் சரக்கும் இந்தியா என்று நானே நினைத்துக்கொண்டிருந்தேன். ஆவடிக் கதையை ஒரு வாரத்துக்கு முன்னால் சொன்னவன் நான்!

ஆனாலும் நம் ஊர் அதில் இருக்கிறது, வேறு வழியில். அதற்கு முதலில் ஒரு புதிரைப் பார்க்க வேண்டும். 1773 தேயிலைச் சட்டம் அமெரிக்காவில் தேயிலை விலையைக் கூட்டவில்லை, குறைத்தது. கம்பெனி நேரடியாக அங்கே கொண்டுபோய் விற்கலாம், பிரிட்டனில் கட்டிய தீர்வை திரும்பக் கிடைக்கும், அமெரிக்காவில் பவுண்டுக்கு 3 பென்ஸ் வரி மட்டும் தொடரும். விலை குறைந்தால் ஏன் கோபம் வர வேண்டும்?

கம்பெனி அப்போது திவாலாகும் நிலையில் இருந்தது. 1769இல் ஹைதர் அலி சென்னையின் வாசல் வரை வந்து உடன்படிக்கை எழுத வைத்தார். அந்தப் போர்ச் செய்தி லண்டன் போனதும் கம்பெனிப் பங்கு விலை சரிந்தது. 1769–70இல் வங்காளத்தில் பெரும் பஞ்சம். 1772இல் லண்டனில் கடன் நெருக்கடி. கிடங்கில் ஒரு கோடி பவுண்டு எடைக்கு மேல் விற்காத தேயிலை. கம்பெனியைத் தூக்கி நிறுத்தத்தான் அந்தச் சட்டம்.

இந்த இடத்தில் ஒரு ஆவணத்தைக் கொடுத்தேன். ஜான் டிக்கின்சன், பென்சில்வேனியா வக்கீல். 1773 நவம்பரில் 'ரஸ்டிகஸ்' என்ற புனைபெயரில் பிலடெல்பியாக்காரர்களுக்காக ஒரு கடிதம் அச்சிட்டார். அதில் அவர் சொல்வதன் சாரம்: இந்தக் கம்பெனி ஆசியாவில் லாபத்துக்காகப் போர் மூட்டியது, தானியத்தைப் பதுக்கி விலை ஏற்றி ஜனங்களைப் பட்டினியில் சாகவிட்டது, அங்கே சுரண்டி முடித்துவிட்டு இப்போது அமெரிக்கா பக்கம் திரும்புகிறது.

இதை வைத்து அவள் எழுதிய மூன்று வாக்கியங்களையும் தருகிறேன்.

முதல் தடவை: "கம்பெனி மோசமானது என்று டிக்கின்சன் சொல்கிறார்." இது சுருக்கம் மட்டும்.

ரெண்டாவது தடவை: "டிக்கின்சன் கம்பெனியின் ஏகபோகத்தைத் தாக்குவது, எதிர்ப்புக்கு 3 பென்ஸ் வரியைத் தாண்டிய காரணமும் இருந்தது என்பதைக் காட்டுகிறது." இப்போது ஆவணம் வாதத்துக்குச் சாட்சி.

மூன்றாவது தடவை: "தேயிலைக் கப்பல் பிலடெல்பியாவை நோக்கி வந்துகொண்டிருந்த நேரத்தில், விலை குறைவு என்று மயங்கக்கூடிய நகரவாசிகளைத் தடுக்கவே டிக்கின்சன் வங்காளப் பஞ்சத்தை எடுத்து வைக்கிறார். வரியை ஒரு தொகையாகப் பார்க்காமல் அடிமைத்தனத்தின் முதல் படியாக அவர்கள் பார்க்க வேண்டும் என்பது அவர் நோக்கம்." நேரம், கேட்பவர், நோக்கம் மூன்றும் வந்துவிட்டன. ஒன்றை ஒழுங்காக விளக்கினாலே போதும், மூன்றும் வந்தது அவளே சந்தோஷத்தில் செய்தது.

அப்புறம் கேட்டாள். "வங்காளத்து ஜனங்களுக்காக இவருக்கு நிஜமாவே வருத்தம் இருந்துச்சா?" அந்த 1773இல் டிக்கின்சனிடமே அடிமைகள் இருந்தார்கள், 1777இல்தான் அவர்களை விடுவிக்கத் தொடங்கினார் என்று சொன்னேன். 1776இல் சுதந்திரப் பிரகடனத்தில் அவர் கையெழுத்துப் போடவும் இல்லை. ஒரே மனிதருக்குள் இத்தனையும். 'சிக்கலைக் காட்டு' என்று கேட்கும் அந்த ஏழாவது மார்க் இந்த மாதிரி இடங்களில்தான் கிடைக்கும். கடைசிப் பத்தியில் 'ஆனால் மறுபக்கமும் உண்டு' என்று ஒட்ட வைத்தால் கிடைக்காது.

வாதம் ஒரு வாக்கியம்

கேள்விகள் பெரும்பாலும் 'எந்த அளவுக்கு' என்று கேட்கும். "1763 முதல் 1776 வரை காலனிகளில் எழுந்த எதிர்ப்புக்கு வரி எந்த அளவுக்குக் காரணம்?" இதற்கு "வரி, தேயிலை, அடக்குமுறை எல்லாம் காரணம்" என்று எழுதினால் வாதம் இல்லை, அது பட்டியல். அவள் கடைசியாக எழுதியது: "சண்டையைத் தொடங்கி வைத்தது வரி என்றாலும், 1773க்குள் மக்களைத் திரட்டியது, தங்களைக் கேட்காமலே பாராளுமன்றமும் அது தாங்கிப் பிடித்த ஒரு கம்பெனியும் தங்கள் சந்தையை முடிவு செய்யலாம் என்ற பயம்." யாராவது மறுத்துப் பேச முடிந்தால்தான் அது வாதம். நாங்கள் வைத்துக்கொண்ட சோதனை அதுதான். அவள் வாக்கியத்தை நான் மறுக்க முயல்வேன். மறுக்க ஒன்றுமே இல்லை என்றால் திருப்பி எழுத வேண்டும்.

பின்னணிக்கு, கேள்வியின் காலத்துக்கு ஒரு படி முன்னால் போக வேண்டும். 1763 என்றால் ஏழாண்டுப் போர். பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும் நடந்த அந்தப் போரின் கடனை அடைக்கத்தான் 1765 முத்திரைத்தாள் வரி. அதே போரில்தான் 1758 டிசம்பரில் பிரெஞ்சு தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டார், 1760இல் வந்தவாசியில் தோற்றார். கனடாவில் கியூபெக் விழுந்தது 1759. அவளுடைய தாத்தாவுக்குச் சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். அதுவரை 'பிரெஞ்ச் அண்ட் இந்தியன் வார்' அவளுக்கு ஒரு தேதி மட்டும். அதற்கப்புறம் மறக்கவே இல்லை.

1923, 1965

ஏப்ரலில் நீண்ட கட்டுரைக்கு அவளே ஒரு தலைப்பு எடுத்தாள்: 1890க்குப் பிறகு அமெரிக்கக் குடியேற்றக் கொள்கையில் எது மாறியது, எது தொடர்ந்தது. 1882இல் சீனர் விலக்குச் சட்டம். 1917இல் இந்தியா உட்பட ஆசியாவின் பெரும்பகுதிக்குத் தடை. 1922 நவம்பரில் ஒசாவா என்ற ஜப்பானியர் வழக்கில், 'வெள்ளையர்' என்றால் காகேசிய இனம் என்றது உச்ச நீதிமன்றம். மூன்றே மாதத்தில், 1923 பிப்ரவரியில், பகத் சிங் திந்த் என்ற பஞ்சாபியர், முதல் உலகப் போரில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், 'அப்படியானால் நான் காகேசியன்தானே' என்று நின்றார். சாதாரண மனிதன் புரிந்துகொள்கிறபடி நீ வெள்ளையன் இல்லை என்று அதே நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1946இல் இந்தியர்களுக்கு வருஷத்துக்கு 100 பேர் என்று ஒரு கதவு திறந்தது. 1965 சட்டம் நாட்டுவாரி ஒதுக்கீட்டை எடுத்தது. 1990 சட்டத்தில் எச்-1பி வந்தது.

இதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு நிறுத்தினாள். "அப்பா எச்-1பியிலதான வந்தாரு? அப்போ அந்த விசா பேப்பரும் ஒரு டாக்குமென்ட்டா?"

ஆமாம் என்றேன். அக்கா பீரோவில் இருந்து பழைய ஃபைலை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். யார், எதற்காக, யாருக்கு, எப்போது என்ற நாலு கேள்வியையும் அப்பாவின் காகிதத்தில் அவளே போட்டுப் பார்த்திருக்கிறாள். யார் அவரை வேண்டும் என்று விண்ணப்பித்தது, எத்தனை வருஷத்துக்கு, வேலை போனால் என்ன ஆகும். "அப்பா இதைப் பத்தி எங்கிட்ட பேசினதே இல்ல மாமா" என்றாள். அத்தானுக்கும் எனக்கும் அதிகப் பேச்சு கிடையாது. அந்த வாரம் அவரே போன் செய்து அரை மணி நேரம் பேசினார்.

ஒரு எச்சரிக்கை. குடும்பக் கதைக்குத் தேர்வில் மார்க் கிடையாது. வெளிச் சான்று என்றால் பெயரும் காலமும் உள்ள வரலாற்றுச் செய்தி வேண்டும். திந்த் வழக்கு என்று எழுதலாம், எங்கப்பா என்று எழுதக் கூடாது. ஆனால் 1965ஐ மனப்பாடம் பண்ணாமலேயே ஞாபகம் வைத்துக்கொள்ள அப்பா உதவுவார்.

வார வேலை

எங்களுக்குப் பலன் தந்தவை:

- கொள்குறிக்குப் பத்துப் பத்தாக, பத்து நிமிடம் வைத்து. தப்பான விடைக்குப் பக்கத்தில் 'ஏன் தப்பு' என்று ஒரு வரி.
- வாரம் ஒரு ஆவணக் கேள்வி. முழுக் கட்டுரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறைதான். மற்ற வாரம் வாதம், பின்னணி, இரண்டு ஆவண விளக்கம் மட்டும்.
- அறுபது நிமிடத்தில் முதல் பதினைந்து வாசிக்க மட்டும். எழுதக் கை பரபரக்கும், விடக் கூடாது.
- குறுவினாவுக்கு முன்னுரை வேண்டாம். அ, ஆ, இ என்று கேட்டால் நேராக மூன்று பதில்.
- தேதிப் பட்டியலை ஒரு பக்கத்துக்கு மேல் வளரவிடாமல் இருப்பது.

மே மாதம் தேர்வு. ஜூலையில் எண் வந்தது: 4. அக்காவுக்கு 5 வரவில்லையே என்று இன்னமும் குறை. பொண்ணு அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டாள்.

நான் இப்போது எதிர் வீட்டுப் பையனுக்கு பிளஸ் டூ வரலாறு சொல்லித் தருகிறேன். நம் தேர்வு பாயிண்ட்டைத்தான் எண்ணும் என்பது தெரியும், அதனால் உட்தலைப்பும் அடிக்கோடும் சொல்லிக் கொடுக்கிறேன். அதோடு ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கேள்வி மட்டும் கூடுதலாகக் கேட்கிறேன்: இது நமக்கு எப்படித் தெரியும்? முதல் வாரம் "புக்குல இருக்கு சார்" என்றான். போன வாரம், "புக்கை எழுதினவருக்கு யார் சார் சொன்னாங்க?" என்று திருப்பிக் கேட்டான். அன்றைக்கு அந்தப் பாடம் முடியவில்லை.